இழை: 2008இல் ஓக்லஹோமாவை 45-35 என்று ஜெயித்த டெக்சஸ் ஏன் வீட்டில் உட்கார்ந்தது? (காலேஜ் ஃபுட்பால் டைபிரேக்கர் கணக்கு)

கேள்வியன்:
வணக்கம் மக்களே. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலை இந்த சீசன்தான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது, பாயின்ட் டேபிள்தான் தலையைச் சுற்றுகிறது. ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் (டீம்களின் கூட்டமைப்பு) 2025 ஃபைனலில் வர்ஜீனியாவுக்கு எதிராக டியூக் இறங்கியது. டியூக்கின் மொத்தக் கணக்கு 7 வெற்றி, 5 தோல்வி. மயாமிக்கு 10 வெற்றி, 2 தோல்வி. ஆனால் மயாமிக்கு ஃபைனல் இல்லை! கான்ஃபரன்ஸுக்குள் இரண்டும் 6-2, அதனால் டைபிரேக்கர் (சமமானவர்களைப் பிரிக்கும் விதி) என்கிறார்கள். அந்த டைபிரேக்கர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் ஆபீஸில் எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் டியூக் அந்த ஃபைனலை ஓவர்டைமில் 27-20 என்று ஜெயித்து சாம்பியனும் ஆகிவிட்டது. யாராவது பொறுமையாக விளக்குங்களேன்.

அட்லாண்டா அகிலா:
பொறுமை உண்டு, கோபமும் உண்டு, சேர்த்தே விளக்குகிறேன் தம்பி. முதல் விஷயம், கான்ஃபரன்ஸ் வரிசைக்குக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் மட்டும்தான் கணக்கு. டியூக் இல்லினாயிடம், டுலேனிடம், யுகானிடம் தோற்றது எல்லாம் கான்ஃபரன்ஸுக்கு வெளியே நடந்த ஆட்டம். அந்த மூன்று தோல்வியும் ஏசிசி கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, ஏசிசியில் 17 டீம். 2025இல் ஒருவருக்கு எட்டு ஆட்டம்தான். பாதிப் பேரை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள். வர்ஜீனியா 7-1 என்று முதலிடம். அதற்குக் கீழே 6-2இல் ஐந்து பேர்: டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், பிட், எஸ்எம்யூ. நேரில் மோதியதை வைத்துப் பிரிக்கலாம் என்றால் ஐந்து பேரில் எல்லோரும் எல்லோருடனும் ஆடியிருக்கவில்லை. கடைசியில், யாருடைய எதிராளிகள் கான்ஃபரன்ஸில் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள் என்ற சதவீதத்தில் போய் நின்றது. அதில் டியூக் முன்னால் வந்தது.

இப்போது கோபம். அந்த ஐந்து பேரில் ஜார்ஜியா டெக் டியூக்கை டியூக் மைதானத்திலேயே 27-18 என்று ஜெயித்திருந்தது. மேல விளக்கம் வேண்டுமா?

கேள்வியன்:
> டியூக்கை டியூக் மைதானத்திலேயே 27-18 என்று ஜெயித்திருந்தது

அக்கா, இதற்குப் பிறகு தலைசுற்றல் அதிகமாகிவிட்டது. நேரில் ஜெயித்தவனை விட்டுவிட்டுத் தோற்றவனை அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

டாலஸ் முத்து:
எல்லா ஊரிலும் நடந்த நியாயம்தான். இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது.

முன்பெல்லாம் பெரிய கான்ஃபரன்ஸ்கள் இரண்டு டிவிஷனாகப் பிரிந்திருந்தன. 12 டீம் இருந்தால் தனியாக ஒரு ஃபைனல் நடத்திக்கொள்ளலாம், ஆனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், டிவிஷனுக்குள் எல்லோரும் எல்லோருடனும் ஆடியாக வேண்டும் என்பது காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி. எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸ் 1992இல் அதைப் பயன்படுத்தி முதல் ஃபைனலை நடத்தியது. பிக் 12 என்ற கான்ஃபரன்ஸ் தொடங்கிய 1996லேயே வடக்கு, தெற்கு என்று ஆளுக்கு ஆறு.

இந்த ஏற்பாட்டின் அழகு, இரண்டு டீம் சமமானால் தகராறே கிடையாது. இருவரும் கட்டாயம் நேரில் ஆடியிருப்பார்கள், ஜெயித்தவர் டிவிஷன் சாம்பியன். 2008 பிக் 12 வடக்கில் மிசூரி, நெப்ராஸ்கா இரண்டும் 5-3. மிசூரி நெப்ராஸ்காவை 52-17 என்று துவைத்திருந்தது. கதை முடிந்தது, ஒரு வரிச் செய்தி.

அதே ஆண்டு தெற்கில் மூன்று டீம் சமமானது. அங்கேதான் விதி என்ற ஒன்றின் குடல் வெளியே தெரிந்தது. டெக்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் டெக் (இனி வெறும் டெக்). மூன்றும் மொத்தத்தில் 11-1, கான்ஃபரன்ஸில் 7-1. அக்டோபர் 11இல் டெக்சஸ் ஓக்லஹோமாவை 45-35 என்று ஜெயித்தது. நவம்பர் 1இல் டெக் டெக்சஸை 39-33 என்று ஜெயித்தது. நவம்பர் 22இல் ஓக்லஹோமா டெக்கை 65-21 என்று நசுக்கியது. ஏ பியை ஜெயித்தது, பி சியை ஜெயித்தது, சி ஏயை ஜெயித்தது. யாரை அனுப்புவீர்கள்?

ஆரஞ்சு ஆறுமுகம்:
45-35. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சூனர் செல்வம்:
ஆரம்பிச்சாச்சா. பதினேழு வருஷமா இதே ஸ்கோர். நான் அப்போ ஓக்லஹோமா டீமோட ஊர் நார்மன்ல மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தேன், எங்களுக்கும் ஒரு ஸ்கோர் மனப்பாடம்: 65-21.

லப்பக் லோகு:
ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கோங்க. 39-33 ஜெயிச்சவன் ஒருத்தன் இங்க ஓரமா நிக்கிறான், கண்ணுக்குத் தெரியுதா?

அந்த ராத்திரி டெக்கோட ஊர் லப்பக்ல. ஒண்ணரை நிமிஷம் மிச்சம் இருக்கும்போது டெக்சஸ் 33-32ன்னு முன்னாடி போயிடுச்சு. அவங்க நாட்டில் நம்பர் ஒன். கடைசிக்கு முந்தின பந்து தட்டித் தெறிச்சு டெக்சஸ் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் கையில நேரா விழுந்துச்சு, பிடிச்சிருந்தா அங்கேயே ஆட்டம் குளோஸ். நழுவ விட்டான். அடுத்த பந்து எங்க கிரஹாம் ஹாரெல் வீசுறான், எங்க மைக்கேல் கிராப்ட்ரீ ஓரத்துல பிடிச்சு, பிடிக்க வந்தவனை உதறிட்டு உள்ள போறான். மிச்சம் ஒரு செகண்ட். இதையெல்லாம் மறந்துட்டு 45-35ஆம்.

டாலஸ் முத்து:
லோகு சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. ஆறுமுகம் அண்ணே, "நேரில் ஜெயித்தவன் போகட்டும்" என்பது இருவர் சண்டைக்கான விதி. மூவர் வட்டத்தில் அதைக் கொண்டுவந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு தோல்வி, ஒரு வெற்றி. யாரோ ஒருவரை ஓரம் கட்டினால்தான் மிச்ச இருவருக்குள் அது வேலை செய்யும். டெக்கை யார் ஓரம் கட்டியது, எதை வைத்து?

பிக் 12 விதிப் படிகளைப் பாருங்கள். முதலில் மூவருக்குள் நடந்த ஆட்டங்கள்: ஆளுக்கு 1-1. அடுத்து டிவிஷன் கணக்கு: ஆளுக்கு 4-1. அடுத்து டிவிஷனில் கீழே இருப்பவர்களுக்கு எதிராக: மூவரும் எல்லோரையும் ஜெயித்திருந்தார்கள். அப்புறம் மற்ற கான்ஃபரன்ஸ் எதிராளிகள்: அங்கேயும் பிரியவில்லை. நான்கு படியும் கைவிரித்தது. ஐந்தாவது படி, பிசிஎஸ் வரிசையில் யார் மேலே இருக்கிறாரோ அவர். அவ்வளவுதான், நேராக அவரே டிவிஷன் சாம்பியன்.

கேள்வியன்:
பிசிஎஸ் என்றால்? தேசிய ப்ளேஆஃபுக்கு டீம் பொறுக்கும் இப்போதைய கமிட்டி மாதிரியா?

டாலஸ் முத்து:
கமிட்டிக்கு முந்தைய காலம். மூன்றில் ஒரு பங்கு ஹாரிஸ் வாக்கெடுப்பு, ஒரு பங்கு கோச்சுகள் வாக்கெடுப்பு, ஒரு பங்கு ஆறு கணினி நிரல்கள். நாட்டின் முதல் இரண்டு டீமைக் கண்டுபிடித்து தேசிய ஃபைனலில் மோதவிடத்தான் அதைச் செய்தார்கள். அதைக் கொண்டுவந்து ஒரு டிவிஷனுக்குள் நடந்த குடும்பச் சண்டைக்கு நாட்டாமை ஆக்கியது பிக் 12 செய்த வேலை.

நவம்பர் கடைசியில் வரிசை வந்தது: அலபாமா 1, ஓக்லஹோமா 2, டெக்சஸ் 3. டெக் ஏழாவது. ஓக்லஹோமாவுக்கு 0.9351, டெக்சஸுக்கு 0.9223. வித்தியாசம் 0.0128. இந்த இடைவெளியில் ஒருவன் கான்சஸ் சிட்டிக்கு ஃபைனல் ஆடப் போனான், இன்னொருவன் டிவியில் பார்த்தான்.

ஆரஞ்சு ஆறுமுகம்:
சரி, என் பக்கத்தை முழுதாகச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள். அந்த மூன்று ஆட்டத்தில் பொது மைதானத்தில் நடந்தது ஒன்றே ஒன்று. டெக்சஸ் ஓக்லஹோமா ஆட்டம் டாலஸ் காட்டன் பவுலில், ஸ்டேட் ஃபேர் நடக்கும் இடத்தில், கூட்டம் பாதிக்குப் பாதி. டெக் எங்களை ஜெயித்தது லப்பக்கில், அதன் சொந்த ஊரில். ஓக்லஹோமா டெக்கை ஜெயித்தது நார்மனில், அதன் சொந்த ஊரில். வீட்டுத் திண்ணை இல்லாமல் ஜெயித்தவர் ஒருவர்தான்.

இன்னொன்று. எங்களுக்கு அக்டோபர் எப்படி அமைந்தது தெரியுமா? 11ஆம் தேதி நம்பர் ஒன் ஓக்லஹோமா, 18ஆம் தேதி மிசூரியை 56-31, 25ஆம் தேதி ஓக்லஹோமா ஸ்டேட்டை 28-24, அதற்கடுத்த சனிக்கிழமை லப்பக். வரிசையாக நான்கு ரேங்க் டீம். நான்காவதில் ஒரு செகண்டில் விழுந்தோம். டெக்குக்கு நார்மன் போவதற்கு முன் ஒரு வாரம் முழு ஓய்வு இருந்தது. அப்படியும் 44 பாயின்டில் தோற்றது.

லப்பக் லோகு:
ஓய்வு எடுத்துத் தோத்தது கூடுதல் கேவலம்னு சொல்றீங்க, ஒத்துக்கிறேன்.

சூனர் செல்வம்:
ஆறுமுகம் அண்ணன் வெளி ஆட்டத்தைப் பத்தி வாயே திறக்கல, கவனிச்சீங்களா. நாங்க டிசியூவை 35-10, சின்சினாட்டியை 52-26. சின்சினாட்டி அந்த வருஷம் பிக் ஈஸ்ட் சாம்பியன். நீங்க ஆடினது ஃப்ளோரிடா அட்லாண்டிக், யூடெப், ரைஸ், அப்புறம் சரிஞ்சு கிடந்த ஆர்கன்சா. கணினிக்கு ஜால்ரா தட்டத் தெரியாது, யாரோட ஆடினேன்னுதான் பார்க்கும். ஹாரிஸ்ல நீங்க மயிரிழை முன்னாடி, கோச்சுங்க ஓட்டுல நாங்க மயிரிழை முன்னாடி. பிரிச்சது கணினிதான்.

அதோட நாங்க விளையாடின விளையாட்டைப் பாருங்க. நெப்ராஸ்கா 62-28, டெக்சஸ் ஏ அண்ட் எம் 66-28, டெக் 65-21, ஓக்லஹோமா ஸ்டேட் 61-41. ஃபைனல்ல மிசூரி 62-21. வரிசையா அஞ்சு ஆட்டம் 60க்கு மேல. எங்க சாம் பிராட்ஃபோர்டுக்கு ஹைஸ்மன் (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது) சும்மாவா கொடுத்தாங்க?

ஆரஞ்சு ஆறுமுகம்:
தேசிய ஃபைனலில் ஃப்ளோரிடாவிடம் 14 பாயின்ட்தானே எடுத்தீர்கள்? 24-14. அந்த 60 எங்கே போயிற்று?

சூனர் செல்வம்:
அது வேற ஆட்டம். டைபிரேக்கர் போன மாசம் வரைக்கும் நடந்ததைத்தான் பார்க்கும், அடுத்த மாசத்தை இல்ல. வேணும்னா லோகுவோட டீம் காட்டன் பவுல்ல ஓல் மிஸ்கிட்ட 47-34 தோத்ததையும் சேர்த்துக்கோங்க.

மயிலை மாறன்:
சென்னையிலிருந்து வாசிக்கிறேன், ஃபுட்பால் அவ்வளவு தெரியாது, வயிற்றெரிச்சல் நன்றாகத் தெரியும். 2024 மே 18, சின்னசாமி மைதானம். ஆர்சிபி ஜெயித்தால் சிஎஸ்கேவும் அவர்களும் 14 பாயின்டில் சமம், குறைந்தது 18 ரன்னில் ஜெயித்தால் அவர்கள் உள்ளே. 27 ரன்னில் ஜெயித்தார்கள். நாங்கள் 191 எடுத்தோம், 201 எடுத்திருந்தால் தோற்றும் உள்ளே போயிருப்போம். வலித்தது, ஆனால் கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. கடைசி ஓவரில் எவ்வளவு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே மட்டும் ஏன் ஓட்டு, கணினி என்று சுற்றுகிறார்கள்? நெட் ரன் ரேட் மாதிரி பாயின்ட் வித்தியாசத்தை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

டாலஸ் முத்து:
நல்ல கேள்வி. டெக்சஸ் ஹைஸ்கூல் ஃபுட்பாலில் பல டிஸ்ட்ரிக்ட்களில் அப்படித்தான், ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு பாயின்டுக்கு மேல் எண்ண மாட்டோம் என்று வரம்பு வைத்து வித்தியாசத்தைக் கூட்டுவார்கள். காலேஜில் தயங்குவதற்குக் காரணம், 40 பாயின்ட் முன்னால் இருக்கும் டீம் கடைசி நிமிடத்திலும் பிரதான ஆட்டக்காரர்களை வைத்து அடித்துக்கொண்டே இருக்கும் என்ற பயம். எதிரில் இருப்பவர்கள் பத்தொன்பது வயதுப் பையன்கள், உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். பிசிஎஸ் கணினிகளே 2002 சீசனிலிருந்து வெற்றி வித்தியாசத்தைப் பார்க்கக்கூடாது என்று ஆனது. ஓட்டுப் போடுகிற மனிதர்கள் மட்டும் 65-21ஐப் பார்த்தார்கள். பார்க்காதே என்று யாரிடம் சொல்வது?

ஆனால் நீங்கள் கேட்டதற்காக மூவருக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெக்சஸ்: கூட்டு 10, கழி 6, ஆக +4. டெக்: கூட்டு 6, கழி 44, ஆக -38. ஓக்லஹோமா: கழி 10, கூட்டு 44, ஆக +34.

சூனர் செல்வம்:
மாறன் சார், உங்க வீட்டு அட்ரஸ் கொடுங்க, ஸ்வீட் பாக்ஸ் அனுப்பறேன்.

ஆரஞ்சு ஆறுமுகம்:
ஒரே ஒரு ஆட்டத்தின் அடியை வைத்து மூவர் கணக்கைத் தீர்ப்பதா? அந்த 44ம் ஓக்லஹோமா எங்களிடம் காட்டியது இல்லை, மூன்றாம் ஆளிடம் காட்டியது. எங்களோடு ஆடியபோது கழி 10தான்.

டாலஸ் முத்து:
அண்ணே, உங்களுக்கு உதவும் விதியும் ஒன்று அப்போதே இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டில். எஸ்இசி விதிப்படி மூவர் சமமாகி பிசிஎஸ் வரை போய்விட்டால், மேலே இருப்பவருக்கும் இரண்டாவதாக இருப்பவருக்கும் இடைவெளி ஐந்து இடத்துக்குள் இருந்தால், அந்த இருவரில் நேரில் ஜெயித்தவர்தான் போவார். வரிசை ஒருவரை வெளியேற்றுவதற்கு மட்டும், முடிவு மைதானத்துக்கு. ஓக்லஹோமா 2, டெக்சஸ் 3. ஒரே இட இடைவெளி. டெக்சஸ் போயிருக்கும்.

பிக் 12 விதியில் அந்தத் திரும்பிப்போகும் படி கிடையாது. முதல் நான்கு படிகளில் ஒருவர் கழன்றால் மிச்ச இருவருக்கு நேர்மோதல் பார்க்கலாம். ஐந்தாவதில் அப்படி இல்லை, மேலே இருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டு போவார். ஒரு வாக்கியம் விதிப்புத்தகத்தில் இல்லாததுதான் மொத்தச் சண்டையும். அந்தப் புத்தகத்துக்குச் சீசனுக்கு முன்பே டெக்சஸ் உட்பட எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லப்பக் லோகு:
அதாவது எஸ்இசி விதின்னா டெக்சஸ், பிக் 12 விதின்னா ஓக்லஹோமா. நாங்க போறதுக்கு எந்த விதியும் இல்லையா? எங்க கோச் மைக் லீச் அப்பவே வழி சொன்னாரு. எந்தக் காலேஜ்ல அதிக ஆட்டக்காரங்க டிகிரி முடிக்கிறாங்களோ அவங்க போகட்டும்னாரு. அதுல நாங்கதான் முதல். எல்லாரும் ஜோக்னு எடுத்துக்கிட்டாங்க. அவரும் இப்ப இல்ல.

அட்லாண்டா அகிலா:
லீச்சை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அவர் பாதி விளையாட்டாகத்தான் எதையும் சொல்வார், மீதிப் பாதிதான் உறுத்தும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எஸ்இசி விதி நேர்மையானது போலத் தெரிகிறது, ஆனால் அதுவும் முதல் வெட்டை வாக்காளர்கள் கையில்தான் கொடுக்கிறது. டெக் ஏன் ஏழாவது? கடைசியாகத் தோற்றது, பெரிதாகத் தோற்றது. டெக்சஸ் தோற்றதை மறக்க மக்களுக்கு நான்கு வாரம் கிடைத்தது. ஓக்லஹோமாவுக்கு ஏழு வாரம். டெக்குக்கு ஒரே வாரம். தோல்வியின் தேதியை மாற்றிப் போட்டால் வரிசையும் மாறியிருக்கும். ஆறுமுகம் சார் ஜெயித்த தேதி முன்னால், தோற்ற தேதி பின்னால், அதுதான் அவர் வினை. வட்டமாகச் சுற்றும் மூவரில் மைதானம் பதில் சொல்லி முடித்துவிட்டது, அதன் பதில் "சமம்". அதற்கு மேல் எதை வைத்தாலும் ஒரு மனிதரின் ருசிதான். பேசாமல் சீட்டுக் குலுக்கலாம், அதில் குறைந்தபட்சம் யாரும் நியாயம் பேச மாட்டார்கள். நிறைய விதிப்புத்தகங்களில் கடைசிப் படி அதுதான்.

ஆரஞ்சு ஆறுமுகம்:
சீட்டில் தோற்றிருந்தால் கூட நான் இங்கே வந்து பேசியிருப்பேன் அம்மா.

சூனர் செல்வம்:
அகிலா மேடம் சொன்னதை ஒத்துக்கிறேன், ஒரு சேதி சேர்த்து. 2010லயும் தெற்குல மூணு பேர் சமம். நாங்க, ஓக்லஹோமா ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்லாரும் 6-2. ஏ அண்ட் எம் எங்களை 33-19, ஸ்டேட் ஏ அண்ட் எம்மை 38-35, நாங்க ஸ்டேட்டை 47-41. அதே வட்டம், அதே பிசிஎஸ் படி, மறுபடியும் நாங்க. ஃபைனல்ல நெப்ராஸ்காவை 23-20. அந்தத் தடவை யாரும் இப்படி அழல, ஏன்னா தோத்தது டெக்சஸ் இல்ல.

கேள்வியன்:
இவ்வளவு சண்டைக்குப் பிறகும் டிவிஷன் முறையே பரவாயில்லை போலிருக்கிறதே. மூவர் வட்டம் எப்போதாவது ஒருமுறைதானே வரும்? ஏன் எடுத்தார்கள்?

அட்லாண்டா அகிலா:
டிவிஷனுக்கு வேறு நோய் இருந்தது. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் கிழக்கு, மேற்கு என்று 2014 முதல் 2023 வரை பத்து ஃபைனல். பத்திலும் கிழக்குதான் ஜெயித்தது. ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன், பென் ஸ்டேட், மிஷிகன் ஸ்டேட் எல்லாம் ஒரே பக்கம். நல்ல டீம் மூன்றாவது இடத்தில் வீட்டில் இருக்கும், மறுபக்கத்து சுமாரான டீம் ஃபைனலில். அதற்கு முன்னால் அதே பிக் டென்னில் டிவிஷன்களுக்கு லெஜண்ட்ஸ், லீடர்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள், யார் எதில் என்று யாருக்கும் நினைவிருந்ததில்லை. 2012இல் லீடர்ஸ் பக்கம் ஒஹாயோ ஸ்டேட்டும் பென் ஸ்டேட்டும் தண்டனையில் இருந்ததால் மூன்றாவது இடத்து விஸ்கான்சின் போய் நெப்ராஸ்காவை 70-31 என்று அடித்துவிட்டு வந்தது. ஏசிசியின் கோஸ்டல் டிவிஷனில் 2013 முதல் 2019 வரை ஏழு ஆண்டில் ஏழு டீமும் ஆளுக்கு ஒருமுறை ஜெயித்தன. அது மட்டும் எனக்குப் பிடிக்கும்.

2022இல் என்சிஏஏ டிவிஷன் கட்டாயத்தை நீக்கியது. பேக்-12 உடனே கலைத்தது, ஏசிசி 2023, எஸ்இசியும் பிக் டென்னும் 2024.

டாலஸ் முத்து:
ஆக, அரிதாக வந்த மூவர் வட்டத்தைக் கொடுத்துவிட்டு, வருடா வருடம் வரும் "நாங்கள் ஆடவே இல்லையே" என்ற சிக்கலை வாங்கிக்கொண்டார்கள். 2024இல் பிக் 12 உச்சியில் அரிசோனா ஸ்டேட், அயோவா ஸ்டேட், பிஒய்யூ, கொலராடோ நால்வரும் 7-2. அரிசோனா ஸ்டேட் பிஒய்யூவை 28-23 என்று ஜெயித்திருந்தது, மற்ற இருவரைச் சந்திக்கவே இல்லை. அந்த நவம்பரில் இங்கே பலர் எக்ஸெல் ஷீட்டோடு அலைந்தார்கள்.

இன்னொன்றும் மாறிவிட்டது. டைபிரேக்கரில் ஜெயித்தாலும் பெரிய இடம் கிடைக்கும் என்று இல்லை. 2016இல் பிக் டென் கிழக்கில் பென் ஸ்டேட்டும் ஒஹாயோ ஸ்டேட்டும் 8-1. நேரில் பென் ஸ்டேட் 24-21, எதிராளி கோலுக்கு உதைத்த பந்தை (ஃபீல்ட் கோல்) தடுத்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடி ஜெயித்த ஆட்டம். டிவிஷன் பென் ஸ்டேட்டுக்கு, ஃபைனலில் விஸ்கான்சினை 38-31, கான்ஃபரன்ஸும் அவர்களுக்கு. ப்ளேஆஃப் இடம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு! கிளெம்சன் அவர்களை 31-0 என்று அனுப்பியது வேறு கதை. கேள்வியன் கேட்ட டியூக்குக்கும் அதேதான். ஏசிசி சாம்பியன் டியூக், ப்ளேஆஃபுக்குப் போனது மயாமி.

கேள்வியன்:
அப்படியானால் மயாமிக்கு நஷ்டமே இல்லையே! நான் எதற்கு இவ்வளவு கவலைப்பட்டேன்?

அட்லாண்டா அகிலா:
மயாமிக்கு இல்லை தம்பி. ஜார்ஜியா டெக்குக்கு.

ஆரஞ்சு ஆறுமுகம்:
எஸ்இசியில் 2026 முதல் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம், 16 டீம். மூன்று பேர் நிரந்தர எதிராளி, ஆறு பேர் மாறி மாறி. அப்படியும் ஆறு பேரைச் சந்திக்க மாட்டோம். எங்களுக்கு நிரந்தரத்தில் ஓக்லஹோமா உண்டு, அக்டோபரில், டாலஸில். செல்வம், டிக்கெட் போட்டாச்சா?

சூனர் செல்வம்:
போட்டாச்சு. சிவப்புச் சட்டைதான் போட்டுட்டு வருவேன், மதியச் சாப்பாடு உங்க செலவு.